ஆஃபீஸ் புதிய பதிப்புக்கு மாறியதும் பழைய பவர்பாயிண்ட் கோப்புகள் உடைகின்றன, எங்கிருந்து சரிபார்ப்பது?

கோப்புப்பெட்டி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஆஃபீஸ் 2010-இலிருந்து (32 பிட்) நேராக இப்போதைய 64 பிட் பதிப்புக்கு மாறிவிட்டார்கள். கணினிகளும் புதியவை, விண்டோஸ் 11. நான் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன், பல வருடமாகச் சேர்ந்த ஸ்லைடு கோப்புகள் எல்லாம் என் பொறுப்பு, அதில் பாதி 2003 காலத்துப் பிபிடி கோப்புகள் (பவர்பாயிண்டின் பழைய கோப்பு வடிவம்), மீதி பிபிடிஎக்ஸ் (புதிய வடிவம்). மாறிய பிறகு சில கோப்புகளில் தமிழ் எழுத்து முழுக்க ஆங்கிலக் குப்பையாக வருகிறது, சிலவற்றில் தமிழ் சரியாகத்தான் இருக்கிறது ஆனால் வரிகள் பெட்டியை விட்டு வெளியே வழிகின்றன. வீடியோ இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம். வினாடி வினாவுக்குப் பட்டன் வைத்துச் செய்த ஸ்லைடுகளில் எதை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. எக்செல்லோடு இணைத்த வரைபடங்களில் பழைய எண்களே நிற்கின்றன. உதவி மையத்தில் கேட்டால் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள் என்கிறார்கள். அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.

எழுத்துருப்பித்தன்:
எழுத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் வீடியோ ஓடாவிட்டாலும் வகுப்பு நடத்திவிடலாம், எழுத்தே படிக்க முடியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கிடையாது.

முதலில் ஆங்கிலக் குப்பை. அது யூனிகோடு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறை) அல்லாத பழைய எழுத்துருவில், பாமினி மாதிரியானவற்றில், தட்டச்சு செய்த கோப்பு. அந்தக் கோப்புக்குள் தமிழ் என்று எதுவுமே கிடையாது, இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளி காற்புள்ளிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது அந்த எழுத்துரு. பழைய கணினியில் அது நிறுவப்பட்டிருந்தது, புதியதில் இல்லை, போர்வை போனதும் அடியில் இருந்தது தெரிகிறது. பலர் இந்த இடத்தில் ரீப்ளேஸ் ஃபாண்ட்ஸ் போய், விண்டோஸோடு வரும் தமிழ் எழுத்துருவான நிர்மலாவுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, அது எழுத்துருவின் பெயரைத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் குறியீட்டைத் தொடாது. உடனடித் தீர்வு, பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து (உரிமம் இடம் கொடுத்தால்) புதியதில் நிறுவுவது. நிரந்தரத் தீர்வு, எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவருவது. அப்படிச் செய்யும்போது ஸ்லைடில் கண்ணுக்குத் தெரியும் பெட்டிகளோடு நிறுத்தாதீர்கள், ஸ்லைடு மாஸ்டர், குறிப்புப் பகுதி, வரைபடத்தின் அச்சுப் பெயர்கள், அட்டவணைகள் எல்லாவற்றிலும் பழைய எழுத்து ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, வரி வழிவது. அந்தக் கோப்புகள் யூனிகோடுதான், ஆனால் லதா, விஜயா என்ற விண்டோஸ் எழுத்துருக்களில் செய்திருப்பார்கள். விண்டோஸ் 10-இலிருந்து இந்த இரண்டும் எல்லாக் கணினியிலும் தானாக வருவதில்லை, தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுப்பு என்று தனியாக வைத்துவிட்டார்கள். அது இல்லாத கணினியில் பெரும்பாலும் நிர்மலா யூஐ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் வேறு என்பதால் அளவு பார்த்து வெட்டிய பெட்டிகளிலிருந்து எழுத்து வெளியே வருகிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேருங்கள், பல கோப்புகள் அப்படியே பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்கு நிர்வாகி அனுமதி தேவைப்படும்.

அப்புறம் ஒரு கேள்வி, எங்காவது வெறும் சதுரக் கட்டங்கள் வருகின்றனவா? வந்தால் அது மூன்றாவது வகை.

கோப்புப்பெட்டி:
கட்டங்கள் எங்கும் இல்லை. குப்பையாக வருபவை எல்லாமே பழைய பிபிடி கோப்புகள், வழிபவை எல்லாம் பிபிடிஎக்ஸ், நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. துணை எழுத்துருக்களுக்குக் கோரிக்கை போட்டிருக்கிறேன். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்ப வழி உண்டா?

எழுத்துருப்பித்தன்:
உண்டு. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ், அந்தப் பக்கத்தின் அடியில் எம்பெட் ஃபாண்ட்ஸ் என்று இருக்கும். அதற்குள் இரண்டு தேர்வு, பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்ப்பது ஒன்று, முழு எழுத்துருவையும் சேர்ப்பது மற்றொன்று. வேறு யாராவது கோப்பைத் திருத்தப் போகிறார்கள் என்றால் முழுதாகச் சேருங்கள், கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. உள்ளே வைக்கக் கூடாது என்று உரிமையாளர் தடுத்திருக்கும் எழுத்துரு உள்ளே போகாது என்பதை நினைவில் வையுங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்கள் ஏதாவது இருந்தால் அவற்றை மறந்துவிடலாம், ஆஃபீஸ் 2013 முதலே அவை வேலை செய்வதில்லை.

மேக்ரோக்காரர்:
பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் மூன்று கதவுகள் இருக்கின்றன, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று பார்க்காமல் நிரலைத் திருத்த உட்காராதீர்கள்.

முதல் கதவு பாதுகாப்பு. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்புக்கு விண்டோஸ் ஒரு அடையாளம் போட்டு வைக்கும், 2022-இலிருந்து அந்த அடையாளம் உள்ள கோப்புகளின் மேக்ரோக்கள் (கோப்புக்குள் எழுதி வைத்த சிறு நிரல்கள்) இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. முன்பு போல ஒரு மஞ்சள் பட்டையில் அனுமதி என்று அழுத்திவிட்டுப் போக முடியாது, சிவப்புப் பட்டை வரும், அதில் அனுமதிக்கும் பட்டனே இருக்காது. கோப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், அன்பிளாக். நிறையக் கோப்புகள் என்றால் ஒரு கோப்புறையை நம்பகமான இடமாக அறிவித்துவிடலாம், ஆனால் அதை அலுவலக நிர்வாகம் செய்ய வேண்டும், எல்லோரும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறையை மட்டும் அப்படி அறிவிக்கவே கூடாது.

இரண்டாவது கதவு ஆக்டிவ்எக்ஸ், ஸ்லைடுக்குள் வைக்கும் பட்டன், பெட்டி போன்றவற்றை இயக்கும் மைக்ரோசாஃப்டின் பழைய தொழில்நுட்பம். உங்கள் பட்டன்கள் டெவலப்பர் பட்டியிலிருந்து எடுத்த கமாண்ட் பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் வகையா? ஆஃபீஸ் 2024-இல் ஆக்டிவ்எக்ஸ் தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டுத்தான் வருகிறது, மைக்ரோசாஃப்ட் 365-இலும் 2025-இல் அதே நிலை வந்துவிட்டது. பட்டன் ஒரு படம் மாதிரி நிற்கும், அழுத்தினால் பதில் இருக்காது, பிழைச் செய்தியும் வராமல் போகலாம்.

மூன்றாவது கதவுதான் 64 பிட். நிரலில் விண்டோஸின் செயற்கூறுகளை நேரடியாக அழைக்கும் டிக்ளேர் வரிகள் இருந்தால் அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல் சேர வேண்டும், முகவரியும் கைப்பிடியும் வைக்கும் மாறிகள் லாங் என்பதிலிருந்து லாங்பிடிஆர் ஆக வேண்டும். இது ஆஃபீஸ் 2010-இல் விபிஏ 7 (மேக்ரோ எழுதும் மொழியின் பதிப்பு) வந்தபோதே சேர்ந்த வசதி. 32 பிட்டில் இருந்தவரை பழைய வரிகளே ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை. பிடிஆர்சேஃப்பை மட்டும் எல்லா வரியிலும் ஒட்டிவிட்டு வகையை மாற்றாமல் விட்டால் பிழைச் செய்தி போய்விடும், ஆனால் நடு நிகழ்ச்சியில் பவர்பாயிண்ட் மூடிக்கொள்ளும், அதைவிடப் பிழைச் செய்தியே மேல். 32 பிட்டுக்காக எழுதிய கூடுதல் கட்டுப்பாடுகள், ஆட்-இன்கள் (ஆஃபீஸோடு சேர்த்து ஓட்டும் துணை நிரல்கள்) 64 பிட் ஆஃபீஸுக்குள் ஏறவே ஏறாது, அதற்கு 64 பிட் பதிப்பு வேண்டும், இல்லையென்றால் மாற்று தேட வேண்டும்.

அவசரம் என்றால் 32 பிட் ஆஃபீஸையே போடச் சொல்லுங்கள்.

சர்வர்_அறை:
கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை. புதிய பதிப்பிலும் 32 பிட் கிடைக்கிறது, ஆதரவும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரே கணினியில் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது, ஒருவருக்காக 32, இன்னொருவருக்காக 64 என்று அலுவலகம் பிரிந்தால் அடுத்த முறை ஆட்-இன் வாங்கும்போது இதே தலைவலி இரண்டு மடங்காகும். பயிற்சிக்கான ஒரே ஒரு கணினியில் 32 பிட் போட்டு வைத்து, நிரலைத் திருத்தி முடிக்கும்வரை அதில் ஓட்டுங்கள். அதுவரை சரி.

பழைய 2010-க்கே திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் ஆதரவு 2020 அக்டோபர் 13-இல் முடிந்துவிட்டது, 2013-க்கு 2023 ஏப்ரலில், 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-இல். பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளில் வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் திறப்பது ஆபத்து. பழைய கணினி ஒன்றை அப்புறப்படுத்தாமல், வலையிணைப்பு இல்லாமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது கையில் இருந்தால் ஸ்லைடு முன்பு எப்படி இருந்தது என்ற வாதமே வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பேசிய எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உடைந்தவை எல்லாம் கோப்புக்கு வெளியே இருந்தவை. எழுத்துரு கணினியில் இருந்தது, வீடியோ வேறொரு கோப்புறையில் இருந்தது, அதை ஓட்டும் கோடெக் (சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் நிரல்) விண்டோஸில் இருந்தது, எக்செல் எண்கள் ஏதோ ஒரு சர்வரில் இருந்தன. நாம் ஒரு கோப்பு என்று நினைத்துச் சேமித்து வந்தது அந்தக் கணினியின் ஒரு பகுதியை நம்பி நின்றது. அதனால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து எது சரியில்லை என்று தேடுவதைவிட, இது வெளியே எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

ஊதாத்திரை:
வீடியோவும் அதே கதைதான். பவர்பாயிண்ட் 2007 வரை வீடியோ கோப்புக்குள் போகாது, வழி மட்டும்தான் பதிவாகும். 2010-இலிருந்துதான் உள்ளேயே வைக்கும் முறை வந்தது. ஆகவே உங்கள் பிபிடி கோப்புகளில் உள்ள வீடியோ எல்லாம் பழைய கணினியின் டி டிரைவிலோ பொதுக் கோப்புறையிலோ இருந்திருக்கும், அந்தக் கணினிகளைத் துடைப்பதற்கு முன் தேடி எடுத்துவிடுங்கள். இதைத்தான் இன்றைக்கே செய்ய வேண்டும், மற்றதெல்லாம் நாளைக்குக் கூடச் செய்யலாம்.

பிபிடிஎக்ஸ் கோப்பில் வீடியோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஒரு நகல் எடுத்து அதன் விகுதியை ஜிப் என்று மாற்றித் திறங்கள். பிபிடிஎக்ஸ் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டைதான், உள்ளே பிபிடி என்ற கோப்புறை, அதற்குள் மீடியா என்ற கோப்புறை, படமும் ஒலியும் வீடியோவும் அங்கே தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கும். பவர்பாயிண்ட் ஓட்ட மறுக்கும் வீடியோவையும் இப்படி வெளியே எடுத்து மாற்றிவிடலாம்.

வீடியோ இருந்தும் ஓடவில்லை என்றால் கோடெக் சிக்கல். மூவ் (.mov) வகைக் கோப்புகள் முன்பு குவிக்டைமை நம்பி ஓடின, விண்டோஸுக்கான குவிக்டைம் 2016-லேயே கைவிடப்பட்டது. பழைய ஏவிஐ கோப்புகளில் இண்டியோ, சினிபேக் மாதிரி கோடெக் இருக்கும். எதையும் தேடி நிறுவ வேண்டாம், எல்லாவற்றையும் எம்பி4 ஆக, ஹெச்.264 வீடியோ, ஏஏசி ஒலியாக மாற்றுங்கள், 2013-க்குப் பிந்தைய எல்லாப் பதிப்பிலும் ஓடும்.

ஃபிளாஷ் (அசைவூட்டப் பாடங்கள் செய்யப் பயன்பட்ட பழைய மென்பொருள்) இருந்தால் வருத்தமான செய்தி. 2020 டிசம்பர் 31-இல் அதன் ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அதன் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்டாமல் தடுக்கிறது. அதை உயிர்ப்பிக்கிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் பிளேயர்களை அலுவலகக் கணினியில் போடாதீர்கள், புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

கோப்புப்பெட்டி:
ஜிப் வழி பிரமாதம், பல வீடியோக்கள் பத்திரமாக உள்ளேயே இருக்கின்றன. பழைய கணினிகளைத் துடைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்து, பிபிடி கோப்புகளை எல்லாம் மொத்தமாகப் பிபிடிஎக்ஸ் ஆக்கிவிடலாமா? லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் முடியும் என்று ஒருவர் சொன்னார்.

வகுப்பறை:
முடியும், ஆனால் அதையே இறுதி வடிவமாக வைக்காதீர்கள். லிப்ரே ஆஃபீஸின் ஸ்லைடு பகுதியான இம்ப்ரெஸ் நல்ல மென்பொருள், பவர்பாயிண்ட் திறக்க அடம்பிடிக்கும் சில பழைய கோப்புகளை அது திறந்ததைப் பார்த்திருக்கிறேன். கேலிப்ரிக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கேலடியா என்று வரி உடையாமல் இருக்க ஏற்பாடும் உண்டு. ஆனால் நகர்வுகளின் வரிசையும் நேரமும் மாறிப் போகும், மேக்ரோ ஓடுமென்று நம்ப முடியாது. உங்கள் மாதிரி வினாடி வினா ஸ்லைடுகளுக்கு அது சரிப்படாது. வெறும் எழுத்தும் படமும் உள்ள கோப்புகளுக்குத் தாராளமாக.

பவர்பாயிண்டிலேயே மாற்றினாலும் மூலக் கோப்பைத் தனியாக வைத்துவிட்டு நகலில் செய்யுங்கள். மேக்ரோ உள்ளவற்றைப் பிபிடிஎம் (மேக்ரோவைத் தாங்கும் கோப்பு வடிவம்) ஆகச் சேமிக்க வேண்டும், பிபிடிஎக்ஸ் என்று கொடுத்தால் மேக்ரோ முழுக்கப் போய்விடும், ஒரு எச்சரிக்கை வரும், அதை எல்லோரும் படிக்காமல் ஆம் என்று அழுத்துவார்கள்.

கணக்கு, அறிவியல் பாடங்கள் இருந்தால் சமன்பாடுகளையும் பாருங்கள். ஈக்வேஷன் எடிட்டர் 3.0 பாதுகாப்புக் காரணத்தால் 2018 ஜனவரி திருத்தத்தோடு நீக்கப்பட்டது. பழைய சமன்பாடு கண்ணுக்குத் தெரியும், அச்சாகும், ஆனால் இரட்டைச் சொடுக்கு செய்தால் திறக்காது.

மூன்றாம்மாடி:
ஸ்லைடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010 வரை புதிய ஸ்லைடு 4:3, பத்து அங்குலத்துக்கு ஏழரை. 2013 முதல் 16:9, பதின்மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், உயரம் அதே ஏழரை. பழைய ஸ்லைடை அலுவலகத்தின் புதிய வார்ப்புருவில் ஒட்டும்போது வட்டமெல்லாம் நீள்வட்டம் ஆவது இதனால்தான். பழையதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முகம், வரைபடம், அளவீடு உள்ள படங்களை இழுத்து நீட்டுவது தவறான தகவலைக் காட்டுவதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து.

எக்செல் இணைப்புக்கு: ஃபைல், இன்ஃபோ பக்கத்தில் வலது கீழே எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் இருக்கும். இணைப்பே இல்லாவிட்டால் அந்த வரி தெரியாது. அதில் ஒவ்வொரு இணைப்பும் முழுப் பாதையோடு தெரியும், சர்வர் பெயரோ டிரைவ் எழுத்தோ மாறியிருந்தால் அங்கேயே சேஞ்ச் சோர்ஸ் கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டலாம். இனி மாறவே போகாத எண்கள் என்றால் பிரேக் லிங்க் கொடுத்துத் துண்டித்துவிடுங்கள்.

சர்வர்_அறை:
எதிர்த் திசையையும் யோசிக்க வேண்டும். உங்களிடம் புதியது வந்துவிட்டது, நீங்கள் கோப்பு அனுப்பும் கிளைகளிலும் கூட்டாளிகளிடமும் பழையதே இருக்கலாம். மார்ஃப் நகர்வு (ஒரு ஸ்லைடில் உள்ள உரு அடுத்த ஸ்லைடின் உருவாக நகர்ந்து மாறுவது) பழைய பதிப்பில் வெறும் ஃபேடாக, மங்கித் தோன்றுவதாக, ஓடும், முப்பரிமாண உருக்கள் அசையாப் படமாக நிற்கும். இவை பரவாயில்லை, ஸ்லைடு புரியும். அதிகம் தொல்லை தருவது இயல்பு எழுத்துரு. 2007 முதல் கேலிப்ரி இருந்தது, 2023-இல் ஆப்டோஸ் அந்த இடத்துக்கு வந்தது, பழைய ஆஃபீஸில் ஆப்டோஸ் கிடையாது. நீங்கள் ஒன்றும் தேர்ந்தெடுக்காமலே செய்த ஸ்லைடு அங்கே போனதும் வேறு எழுத்துருவில் வரி மாறி நிற்கும். வார்ப்புருவின் தீம் எழுத்துருவை எல்லோரிடமும் இருக்கும் ஒன்றாக ஒரே தடவை மாற்றிவிடுங்கள், தமிழுக்கு நிர்மலா யூஐ, விண்டோஸ் 8 முதல் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், செக் கம்பாட்டிபிலிட்டி. பழைய வடிவத்தில் எது இழக்கப்படும் என்று அது சொல்லும். எழுத்துரு பற்றி அது பேசாது, அதை நீங்களே பார்க்க வேண்டும்.

வகுப்பறை:
பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள் என்ற பதிலைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன், ஏனென்றால் அந்தப் பதில் எனக்குக் கோபம் வரவைக்கிறது. படித்துவிட்டு வைக்கும் அறிக்கைக்குப் பிடிஎஃப் நல்லது. பயிற்சி ஸ்லைடு அப்படிப்பட்டதா? விடை பிறகு தெரிய வேண்டும் என்றுதான் நகர்வு வைத்திருக்கிறோம், பிடிஎஃப்பில் கேள்வியும் விடையும் சேர்ந்தே வந்து நிற்கும். வீடியோ போய்விடும். பேச வேண்டியதை எழுதி வைத்த குறிப்புகள், தனியாகக் குறிப்புப் பக்கமாக எடுத்தால் தவிர, போய்விடும். அடுத்த ஆண்டு விதி மாறும்போது ஒரு வரி திருத்த வேண்டுமானால் மூலக் கோப்பு எங்கே என்று தேட வேண்டும். யாரோ பல மாதம் உட்கார்ந்து செய்த பாடத்தை அச்சுத்தாளாக மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்வதை ஏற்க முடியாது. உதவி மையத்தில் இருப்பவர்களுக்கும் வேலைப்பளு இருக்கும், புரிகிறது, ஆனாலும் எழுத்துருவைச் சேர்த்துக் கொடுப்பதும் நம்பகமான கோப்புறை அமைப்பதும் அவர்கள் செய்ய வேண்டிய வேலைதான், வற்புறுத்திக் கேளுங்கள். பிடிஎஃப் பக்கத்துணையாக இருக்கட்டும், கணினி முற்றிலும் கைவிட்டால் காட்டுவதற்கு.

கோப்புப்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி, இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். துணை எழுத்துருக்கள் பயிற்சி அறைக் கணினிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டன, வழிந்துகொண்டிருந்த பிபிடிஎக்ஸ் கோப்புகளில் பெரும்பாலானவை கை வைக்காமலே சரியாகிவிட்டன. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை ஓடுகிறது, அடுத்த வாரத்துக்குத் தேவையானவற்றை முதலில் எடுத்திருக்கிறோம். வீடியோக்கள் எம்பி4 ஆகிவிட்டன. வினாடி வினாவில் மேக்ரோக்காரர் சொன்ன இரண்டாவது கதவுதான், ஆக்டிவ்எக்ஸ் பட்டன்கள். பாதுகாப்பைத் தளர்த்த நிர்வாகம் மறுத்துவிட்டது. மேக்ரோ இல்லாமல் செய்ய வழி இருக்கிறதா?

மேக்ரோக்காரர்:
மறுத்தது நியாயம்தான். சரியா தவறா என்று காட்டுவது மட்டும் போதுமென்றால் மேக்ரோவே வேண்டாம். சாதாரண வடிவம் ஒன்று வரைந்து அதில் இன்சர்ட், ஆக்ஷன் கொடுத்து, சரியான விடைக்கு ஒரு ஸ்லைடு, தவறான விடைக்கு ஒரு ஸ்லைடு என்று இணைத்துவிடுங்கள். அதே ஸ்லைடில் விடை தோன்ற வேண்டுமானால் அனிமேஷனில் டிரிகர் வைத்து, இந்த வடிவத்தை அழுத்தினால் இது தெரியட்டும் என்று அமைக்கலாம். இரண்டும் எந்தப் பாதுகாப்பு அமைப்பிலும் தடைபடாது, 32 பிட் 64 பிட் வித்தியாசமும் இல்லை. ஒன்று மறக்காதீர்கள், ஸ்லைடின் வெற்றிடத்தில் அழுத்தினால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும், டிரான்சிஷன்ஸ் பட்டியில் ஆன் மவுஸ் கிளிக் என்பதை அந்த ஸ்லைடுகளுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். மதிப்பெண் கூட்டிக் காட்ட வேண்டுமென்றால் மட்டும் மேக்ரோ தேவை.

கோப்புப்பெட்டி:
மதிப்பெண் தேவையில்லை, வகுப்பில் கையுயர்த்தச் சொல்லி எண்ணிக்கொள்வோம். டிரிகர் முறையில் ஒன்றைச் செய்து பார்த்தேன், பழைய 2010 கணினியிலும் புதியதிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. மீதியையும் இப்படியே மாற்றப் போகிறோம். ஃபிளாஷ் பாடங்கள் மட்டும் நிற்கின்றன, அவற்றின் மூலக் கோப்புகளைச் செய்தவர்களிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.